நெற்கதிர் போட்ட சட்டை

புலம்பெயர்ந்து வந்த ஓகூஸ் நகரில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் ஆறு சைக்கிள் பைத்தியங்கள் இருக்கிறார்கள். போன வசந்தத்தில் அவர்கள் இத்தாலிக்குப் போக முடிவெடுத்தார்கள். ஆற்றுச் சமவெளியில், நெல்வயல்களுக்கு நடுவே ஓடும் சரளைப் பாதைகளில் ஐந்து நாள் பயணம். மதியச் சாப்பாட்டு மேசையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீ நெல்வயலில் வளர்ந்தவன். நீதான் பாதை போட்டு முன்னால் போக வேண்டும்."

நான் யாழ்ப்பாண நகரத்துக்காரன். எங்கள் வீட்டுக்கு அரிசி கடையிலிருந்து மூட்டையில் வந்தது. அதைச் சொல்லாமல் சிரித்து வைத்தேன். அவர்கள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் கணினியில் வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்தேன். நான் போட்ட பாதையெல்லாம் ஏதாவதொரு வாய்க்காலில் முட்டி நின்றது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"வயலுக்கை கால் வைக்காத மனிசன் வழி காட்டப் போறார். நாளைக்கே உள்ளதைச் சொல்லிப்போடுங்கோ."

சொன்னேன். மேசையே சிரித்தது. "உங்கள் ஆட்களுக்கு எப்போதும் அடக்கம்தான்," என்று முகாமையாளர் தோளில் தட்டினார்.

அடக்கமாம்! இருபது வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். என் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

அடுத்த வாரம் எல்லாருக்கும் சைக்கிள் சட்டை வந்தது. என்னுடையதில் மட்டும் நெஞ்சில் ஒரு நெற்கதிர் அச்சிட்டிருந்தார்கள். கழிவறைக் கதவைப் பூட்டிவிட்டுப் போட்டுப் பார்த்தேன். எனக்கென்றே தைத்ததுபோல் அளவு அவ்வளவு சரியாக இருந்தது.