தாய்மாமன் சீராக வந்த த்ரீடி டிவி

தாராவியில் டிவி வாங்க நினைக்கிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன்னால் பேச்சிராஜாவிடம் போவார்கள். தொண்ணூறு அடி ரோட்டில் ஆறடி அகலத்தில் ஒரு ரிப்பேர் கடை, பெயர்ப்பலகைகூடக் கிடையாது. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் ரயிலேறி வந்தவர், இருபத்தைந்து வருடமாக அடுத்தவர் வீட்டு டிவியின் வயிற்றைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி டிவிக்கு ஆயுசு முடிந்தது, தட்டை டிவிதான் இனி நிற்கும் என்று முதலில் சொன்னவர் அவர்தான். சொன்னது அப்படியே பலித்துவிட்டதில் மனுஷனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. அதை அவரிடம் எடுத்துச் சொல்லும் தைரியம் அவர் மனைவி முத்துமாரிக்கு மட்டும்தான் இருந்தது.

2011-ல் தாதரில் ஒரு ஷோரூமில் த்ரீடி டிவியைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டார்கள். திரையிலிருந்து ஒரு மீன் நீந்தி வந்து மூக்கை உரசிவிட்டுப் போனது. பிடிக்கக் கையை நீட்டினார், பக்கத்தில் நின்ற ஒரு அம்மாளின் தோளில் பட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடியும் மீனைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அன்று சாயங்காலமே கடையில் தீர்ப்பும் சொல்லியாயிற்று. அஞ்சே வருடத்தில் கண்ணாடி போடாமல் டிவி பார்க்கிறவனைப் பட்டிக்காட்டான் என்பார்களாம். அதைக் கேட்டு நாலு வீட்டார் த்ரீடிதான் வாங்குவது என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

அந்த வருடம்தான் அவர் தங்கை மகள் கோகிலவாணிக்குக் கல்யாணம். தாய்மாமன் சீராக ஃபிரிட்ஜ் வாங்கலாம் என்று முத்துமாரி சொன்னாள். வாஷிங் மெஷின் என்றால் பிள்ளைக்கு உபயோகப்படும் என்று தங்கை சொன்னாள். இவர் காதில் எதுவும் ஏறவில்லை. மேளம் முழங்க, பழத்தட்டுகளுக்கு முன்னால் நாற்பத்திரண்டு இஞ்சுப் பெட்டி ஊர்வலம் போனது. சந்து திருப்பத்தில் பெட்டி மாட்டிக்கொள்ள, முன்னால் போன மேளக்காரர்கள் பின்பக்கமாகவே நடந்து வந்து வாசிக்கவேண்டி வந்தது. த்ரீடி என்ற எழுத்து வெளியே தெரிகிற மாதிரி பிடியுங்கள் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார் பேச்சிராஜா.

மாப்பிள்ளை இசக்கிதுரைக்குத் தோல்பைப் பட்டறையில் வேலை. அவன் அப்பா பூதத்தான், அம்மா, அப்பாவின் அக்கா பேராச்சி, இரண்டு தம்பிகள், ஒரு தங்கை, இப்போது கோகிலவாணி. ஆக எட்டுப் பேருக்கு, அங்கே கோலி என்று சொல்கிற பத்துக்குப் பன்னிரண்டு அடி ஒற்றை அறைதான் வீடு. டிவி ஓடினால் வாசலில் வந்து நிற்கிற தலைகள் தனி.

கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிறு, பேச்சிராஜா தன் கையாலேயே டிவியைச் சுவரில் மாட்டினார். வீடு நிறைந்து வாசலும் நிறைந்தபோது கண்ணாடி டப்பாவைத் திறந்தார். உள்ளே இருந்தவை இரண்டே இரண்டு. ஷோரூமில் தன் மூக்கில் இருந்த கண்ணாடியை மட்டும் பார்த்த மனுஷன், மற்ற மூக்குகளை யோசிக்கவே இல்லை.

முதல் கண்ணாடி சம்பந்தி பூதத்தானுக்கு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டாவது பேராச்சிக்கா, சீர் கொண்டுவந்த தாய்மாமனுக்கா என்று உபசாரம் நடந்ததில் படம் பாதி ஓடிவிட்டது. கண்ணாடி இல்லாதவர்களுக்கு எல்லாமே இரண்டிரண்டாகக் கலங்கித் தெரிந்தது. பூதத்தானுக்கோ டிவி என்றால் தரையில் ஒருக்களித்துப் படுத்துப் பார்க்கவேண்டும். படுத்தார், படம் இருண்டுபோனது. எழுந்தார், தெரிந்தது. நாலு தரம் விழுந்து எழுந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துவைத்தார்.

"சம்மந்தி, சாதாப் படமாவே வச்சிருங்க. வாசல்ல நிக்க புள்ளையளும் பாக்கட்டும்."

பூதத்தான் மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைதான் பேச்சிராஜாவைச் சுட்டது. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

மறுநாள் கடைக்கு வந்ததும் அந்த நாலு வீட்டாரையும் கூப்பிட்டு, தான் சொன்னது தப்பு, த்ரீடி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டில் டிவி பார்க்கிறவன் சாப்பிட்டுக்கொண்டு பார்ப்பான், படுத்துக்கொண்டு பார்ப்பான், பக்கத்து ஆளிடம் வம்பளந்துகொண்டு பார்ப்பான், இது அதற்குத் தோதான சாமான் இல்லை என்றார். அதைச் சொல்வதில் அவருக்குக் கஷ்டமில்லை. கோகிலவாணியை நினைத்துத்தான் தூக்கம் போயிற்று. புகுந்த வீட்டில் காலெடுத்து வைத்து ஒரு வாரம் ஆகவில்லை. உன் மாமன் கொண்டுவந்த சீரைப் பார் என்று யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை எங்கே போய் நிற்கும்?

இரண்டு மாதம் அந்தச் சந்துப் பக்கமே போகவில்லை. பிறகு குர்லாவில் கடை வைத்திருக்கும் அப்ராரிடம் பேசி, இதை எடுத்துக்கொண்டு சாதா டிவியாகப் பெரிதாக ஒன்று தர ஏற்பாடு செய்தார். ஒரு ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்குப் புது டிவியோடு டெம்போவில் போய் இறங்கினார்.

பார்த்தால் குடும்பமே சந்தில் உட்கார்ந்திருந்தது. பூதத்தான் பிளாஸ்டிக் நாற்காலியில், பேராச்சி முருங்கைக்கீரை உருவிக்கொண்டு, மற்றவர்கள் அங்கங்கே. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஏதாவது சண்டையோ என்று பேச்சிராஜா பயந்துபோனார்.

"உள்ள த்ரீடி ஓடுது சம்மந்தி," என்றார் பூதத்தான். "கண்ணாடி ரெண்டுதான இருக்கு? மத்த ஆளுக்குக் கண்ணு கலங்குதுல்லா. அதான் வெளிய வந்துட்டோம். ஞாயித்துக்கெழம மூணுலேருந்து அஞ்சு வரைக்கும் இதான் ரூல். எங்க அக்கா போட்ட ரூல்."

பேராச்சி கீரையிலிருந்து தலையை எடுக்கவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அதுகள் ரெண்டும் எங்களுக்கு நடுவில் பேச வழியில்லாமல் முழித்துக்கொண்டிருந்தன, பெரியவர்களை வெளியே போகச் சொல்லவும் அதுகளுக்கு வாய் வராது, இந்தக் கண்ணாடி வந்தது நல்லதாகப் போயிற்று என்றாள். அப்போதுதான் பேச்சிராஜாவுக்கு விஷயம் புரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு டெம்போக்காரனுக்குக் கையைக் காட்டினார், இறக்கவேண்டாம் என்று.

குரல் கேட்டுக் கோகிலவாணி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கண்ணாடி அவள் தலைக்கு மேல் ஏறியிருந்தது. என்ன படம் ஓடுகிறது என்று மாமா கேட்டார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. உள்ளே திரும்பிப் பார்த்தாள், இசக்கிதுரைக்கும் தெரியவில்லை.

கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கையைக் கழுவி, ஆறு வருடத்துக்குள் த்ரீடி டிவி செய்வதையே நிறுத்திவிட்டன. கடையில் உட்கார்ந்து கிண்டல் செய்தவர்களோடு சேர்ந்து பேச்சிராஜாவும் சிரித்தார். ஆனால் இருக்கிற கண்ணாடி உடைந்தால் இனி கிடைக்காதே என்று யாருக்கும் சொல்லாமல் அலைந்து, அந்த மாடலுக்குப் பொருந்தும் பழைய கண்ணாடி ஒரு ஜோடியைத் தேடிப் பிடித்துக் கோகிலவாணி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அந்த டிவியில் சாதாவாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. பூதத்தான் ஒருக்களித்துப் படுத்திருந்தார், வாசலில் கூட்டம். இடுப்பில் பெண்குழந்தையோடு வந்த கோகிலவாணி கண்ணாடியை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கோலிக்கு மேலே புதிதாக எடுத்திருந்த சின்ன அறையையும், அதற்கு ஏறுகிற இரும்பு ஏணியையும் காட்டினாள்.

"இனி இது எதுக்கு மாமா? எங்களுக்குன்னு ஒரு கதவு வந்துட்டுல்லா."