வெள்ளி, மதியம் ஒன்று இருபது

கோட்டுச்சேரியில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது அலுவலக வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: "சாதிக் பாய் மௌத்தாயிட்டாங்க." அந்த மரணச் செய்திக்குக் கீழே நாம் எல்லோரும் வரிசையாகக் கைகூப்பும் படம் போட்டோம். நானும் போட்டேன். அதைப் பார்க்க இப்போது கூசுகிறது.

நம் அலுவலகக் கணினிகளை ஒன்பது ஆண்டுகள் ஒப்பந்த ஊழியராகவே கவனித்துக்கொண்டவர் பாய். நிர்வாகி கணக்குக்குள் நேரே நுழைய மாட்டார். தன் சாதாரணக் கணக்கிலிருந்தேதான் எல்லாம் செய்வார். "நம்ம பேருல செய்யணும் சார். அப்பதான் யாரு செஞ்சாங்கன்னு பதிவுல நிக்கும்" என்பார்.

அனுமதியில்லை என்று, நம் கணினிகளை இயக்கும் லினக்ஸ் ஒரு கட்டளையை மறுத்தால், முன்னால் நிர்வாகியின் அதிகாரம் தரும் சூடோ என்ற சொல்லைச் சேர்த்து மறுபடி அடிக்க வேண்டும். பாய் அதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தார். ஆங்கில எழுத்தில் 'கொஞ்சம்' என்று அடித்தால் போதும். மறுத்த அதே கட்டளை நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓடிவிடும். "மெஷினும் ஆபீஸருங்க மாதிரிதான் சார். மொதல்ல முடியாதும்பாங்க. கொஞ்சம் பாருங்கன்னா பாத்துடுவாங்க" என்று சிரிப்பார். வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி அவர் எழுதிய மனுக்களை எந்த அதிகாரியும் கொஞ்சம்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகும்போது மட்டும் தன் இருக்கையையும் கடவுச்சொல்லையும் என்னிடம் விட்டுப் போவார். அப்படி ஒரு வெள்ளியில், பழைய கோப்புகளை அழிக்கிறேன் பேர்வழி என்று தவறான ஃபோல்டரின் பெயரை அடித்தேன். கணினி மறுத்தது. ஏன் என்று நான் படிக்கக்கூட இல்லை. 'கொஞ்சம்' என்று அடித்தேன். பொதுமக்கள் கொடுத்து, ஸ்கேன் செய்து வைத்திருந்த மனுக்கள் அத்தனையும் போயின.

திங்கட்கிழமை விசாரணை. பதிவில் பாயின் பெயர், பக்கத்திலேயே நேரம்: வெள்ளி, மதியம் ஒன்று இருபது. அந்த நேரத்தில் பாய் பள்ளிவாசலில் இருப்பார் என்பது கேண்டீன்காரருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும். அதிகாரி பெயரை மட்டும் படித்தார். நாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே வந்ததும் பாய் என்னிடம், "கடவுச்சொல்லக் குடுத்தது என் தப்பு சார்" என்றார். மறுநாளிலிருந்து அவருக்கு வேலை இல்லை.

பிறகு பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ஜெராக்ஸ் கடையில் சம்பளத்துக்கு நின்றார். கோழை நான், அந்தக் கடையைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டே போனேன்.

இரங்கல் கூட்டத்தில் பாயின் நேர்மையைப் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தப் பதிவை அச்செடுத்த ஒரு தாள்தான். அதைக் கொண்டுவருகிறேன். நேரத்தையும் சேர்த்து வாசிக்கிறேன். அதில் அவர் பெயரைப் பேனாவால் கோடிட்டு அடித்துவிட்டு என் பெயரை எழுதியிருக்கிறேன். அவர் மௌத்தான பிறகுதான் அதற்கு எனக்குக் கை வந்தது.