மதராஸ் அணியில் ஒரு மாத்தளைக்காரி

சர்வதேசப் போட்டி என்றால் குறைந்தது எத்தனை தேசங்கள் வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஆகவே இரண்டு போதும் என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. ஒரு பக்கம் மதராஸிலிருந்து வரும் கல்லூரிப் பெண்கள். மறுபக்கம் கண்டி, மாத்தளைப் பள்ளிக்கூடங்களிலிருந்து பொறுக்கி எடுத்த சிலோன் பெண்கள். வெல்பவர்களுக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம். இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்திய காலம் அது. கண்டி மைதானம் மழையில் சேறாகிக் கிடந்ததால் போட்டி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. மற்றபடி மாத்தளையை யார் தேடி வரப்போகிறார்கள்? ரயிலே இங்கு வந்ததும் அதற்கு மேல் போக மனமில்லாமல் நின்றுவிடுகிறது.

அந்த ஆட்டத்தை நாங்கள் பாஸ்கட்போல் என்றுதான் சொன்னோம். இன்றைய பிள்ளைகள் நெட்போல் என்கிறார்கள். வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது. கையில் வைத்துக்கொண்டு நிற்கலாம், அதுவும் மூன்று எண்ணி முடிக்கும்வரைதான். மைதானத்தைக் கோடு போட்டு மூன்றாகப் பிரித்திருப்பார்கள். தன் கட்டத்தை விட்டுத் தாண்டியவளுக்கு விசில். அதிகம் ஓடினால் பெண்களின் உடம்புக்கு ஆகாது என்று நம்பிய யாரோ வகுத்த விதிகள். கோட்டுக்குள் நிற்பதற்கு வீட்டிலேயே நல்ல பயிற்சி கிடைத்திருந்ததால் எங்களுக்கு அது சுலபமாக வந்தது.

நான் நடுக்கட்டத்தில் ஆடினேன். வளையத்தடியில் நின்று பந்து போடுகிறவள், பல்லேபொலவிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த சிங்களப் பெண். என் வகுப்புத்தான், பக்கத்து இருக்கை, தமிழும் எங்களைப் போலவே பேசுவாள். பந்து என் கைக்கு வந்ததும் "மெஹாட்ட!" என்று ஒரு குரல் கொடுப்பாள். இந்தப் பக்கம் என்று அர்த்தம். நான் முகம் திருப்பிப் பார்ப்பதே இல்லை. குரல் வந்த இடத்துக்குப் பந்து போகும், அங்கே அவள் இருப்பாள். சிலோன் அணிக்கு எங்களை இரட்டை மாடு போலச் சேர்த்தே எடுத்தார்கள்.

அந்த வருடத்தோடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிகிறது. அதன் பிறகு பந்தைத் தொட்ட பெண் எங்கள் தெருவில் எவளும் கிடையாது. ஆகவே இந்த ஒரு போட்டியை ஆடிவிட வேண்டும். அந்த வயதில் எனக்கிருந்த ஆசை அவ்வளவுதான்.

அப்பாவின் சம்மதம் வேண்டியிருந்தது. கடைவீதியில் அவருக்கு மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கும் வியாபாரம். கமிட்டித் தலைவி ஒரு தோட்டத் துரையின் மனைவி. அந்தத் துரைசாணி எங்கள் விளையாட்டு டீச்சரைக் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். அப்பா நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். சோடா வந்தது. துரைசாணி ஆங்கிலத்தில் ஏதோ கேட்க, டீச்சர் தமிழில் சொன்னார்.

"ஐயா, உங்களுக்கு எந்த ஊருன்னு கேக்குறாங்க."

எங்கள் ஆட்களில் யாரிடம் இதைக் கேட்டாலும் ஒரே மாதிரியான பதில்தான் வரும். மாத்தளையில் பிறந்து, மாத்தளையில் கலியாணம் முடித்து, மாத்தளையிலேயே சாகப்போகிறவரும் பாட்டன் கப்பலேறுவதற்கு முன் இருந்த கிராமத்தின் பெயரைத்தான் சொல்வார். நாங்கள் வேர் இல்லாதவர்கள் அல்ல என்று காட்டும் மரியாதை அது. வேறு பதில் சொல்வது குடும்பத்துக்கே அவமானம்.

"நமக்குப் புதுக்கோட்டைப் பக்கமுங்க." அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "குலதெய்வம் அங்கதான் இருக்கு. நெலம் இருக்கு. நாங்க ஊர் பேர் இல்லாத கூட்டம் இல்லேன்னு அம்மாகிட்ட எடுத்துச் சொல்லுங்க டீச்சரம்மா."

அந்த நிலத்தை அப்பா வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தார். துரைசாணி புன்னகை செய்தார், சோடாவை மிச்சமில்லாமல் குடித்தார், போனார். போட்டியில் ஆட அப்பாவும் சம்மதித்துவிட்டார்.

மறுநாள் டீச்சர் என்னை மரத்தடிக்குக் கூப்பிட்டார். ஆடுகிறவள் அந்தந்த தேசத்தவளாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறதாம். ஆண்களின் கிரிக்கெட்டிலிருந்து இரவல் வாங்கிய விதி.

"நான் மாத்தளை ஆஸ்பத்திரியில பொறந்தவ மிஸ்."

"எனக்குத் தெரியும் பிள்ள. ஆனா உங்க அப்பாவே வேற மாதிரி சொல்லிட்டாரே."

பிற்காலத்தில் எங்கள் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை மனு எழுதிக்கொடுக்கும் என் உத்தியோகமே இப்படிப்பட்ட விதிகளோடுதான் என்றாகிவிட்டது. எந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்லலாம், எந்தப் பதில் செல்லும், எதற்கு மேல்முறையீடு உண்டு என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அன்று ஒன்றும் தெரியாது. மரத்தடியில் நின்று அழுதேன். என் இடத்துக்குக் கண்டிப் பெண் ஒருத்தியைப் போட்டார்கள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அதற்குத் தேசம் எது என்று யாரும் கேட்கவில்லை.

மதராஸ் பெண்கள் கடலைத் தாண்டி, ரயிலேறி, பிறகு மாத்தளைக்கு வடக்கேயுள்ள நாவுல, நாலந்தா வழியாக வாடகை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மொத்தம் எட்டுப் பேர். அதில் இரண்டு பேருக்குக் கடுமையான காய்ச்சல். ஆட ஏழு பேர் வேண்டும். அவர்களுடைய தலைவி, கண்ணாடி போட்ட பெண், நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க தமிழா? ஆடத் தெரியுமா?"

கமிட்டி கூடியது. என்னை வெளியே தள்ளிய அதே விதியை மறுபடி வாசித்துப் பார்த்தார்கள். அதன்படி நான் மதராஸ் அணியில் ஆடுவதற்கு ஒரு தடையும் இல்லை என்று தெரிந்தது. துரைசாணி என் தோளைத் தட்டி மிகவும் சந்தோஷப்பட்டார். ஒரு விதி இவ்வளவு ஒழுங்காக வேலை செய்ததை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

சம்மதித்தேனா என்றால், சம்மதித்தேன். ஆட வேண்டும் என்பதுதானே என் ஆசை.

பல்லேபொலக்காரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தாள். "ஓகோ, இந்தியாக்கார அம்மா! சாரி கட்டி ஆடப்போறீங்களோ? தடுக்கி விழுந்தா நான் தூக்கிவிட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பழக்கம் போல என் சடையைப் பிடித்து இழுக்கவில்லை.

மதராஸ் அணியின் பச்சைக் கரை போட்ட வெள்ளைச் சேலையை எனக்கு இறுக்கிச் செருகி ஊசி குத்திவிட்டார்கள். சிலோன் பெண்களுக்கு முழங்கால்வரை சட்டை. நான் மறுபடி ஆடப்போகிறேன் என்று கேள்விப்பட்டு, அந்தச் சட்டையில் என்னைப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று கலங்கிப்போய் வந்த அப்பா, சேலையில் பார்த்ததும் பக்கத்துத் துணிக்கடைக்கார முஸ்லிம் நானாவிடம், "நம்ம ஊர்ப் பிள்ளைங்க, பாத்தீங்களா நானா, எவ்வளவு லெச்சணம்!" என்று சொல்லிக்கொண்டிருந்தது வேலிக்கு இப்பால் கேட்டது.

ஆட்டம் நன்றாகத்தான் போயிற்று. ஒரே ஒரு சங்கடம். மதராஸ் பெண்கள் என் பெயரைக் கேட்டார்கள், அவசரத்தில் மறந்துபோனார்கள். பந்து வேண்டும்போது, "சிலோன்! இங்க! சிலோன்!" என்று கூப்பிட்டார்கள். முதல் தடவை அது என்னைத்தான் என்று புரியவில்லை. எதிரணியில் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நின்றேன். பிறகு பழகிக்கொண்டேன். அல்லது பழகிக்கொண்டதாக நினைத்தேன்.

கடைசியில் இரு பக்கமும் சமமாக இருந்தது. பந்து என் கைக்கு வந்தது. சுற்றிலும் கால்கள், தூசி, கூச்சல். முன்னால் கண்ணாடிக்காரி கையை உயர்த்தி, "சிலோன்! சிலோன்!" என்கிறாள். பின்னாலிருந்து ஒரு குரல்: "மெஹாட்ட!"

பந்து போய்விட்டது. நான் முகம் திருப்பக்கூட இல்லை.

திரும்பிப் பார்த்தபோது பல்லேபொலக்காரி பந்தைப் பிடித்துக்கொண்டு, வாய் திறந்தபடி, என்னைப் பார்த்து நின்றாள். நடுவரின் விசில் வாயருகே போயிற்று. அதற்குள் அவள் வளையத்தைப் பார்த்துப் போட்டாள். விழுந்தது. அத்தோடு ஆட்டம் முடிந்தது.

பள்ளிக்கூடம் முழுவதும் துள்ளியது. வேலிக்கு அப்பால் நானாவின் குரல்: "மொதலாளி, ஒங்க மக யாருக்கு ஆடுறா?"

கண்ணாடிக்காரி மெதுவாக வந்தாள். கோபமாகக் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "தெரிஞ்சே போட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க."

"சரி," என்றாள். நம்பவில்லை. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். எங்கள் பள்ளிக்கூடத்துச் சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஓடிவந்து, "அக்கா, நல்ல வேல செஞ்சீங்க!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அதுதான் இன்னும் மோசம்.

சேலையை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தபோது பல்லேபொலக்காரி அறைக்குள் வந்தாள். வெளியே படம் எடுக்க அவளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"ஏண்டி எனக்குப் போட்ட?"

"நீ ஏண்டி என்னைக் கூப்பிட்ட?"

"நான் எங்கடி கூப்பிட்டேன்? வாய் தானாக் கூப்பிட்டிச்சு." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வெள்ளிக் கிண்ணத்தைத் தூக்க வேண்டியவள் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள். "வந்த பந்தப் போடாம இருந்திருக்கணுமோ?"

"போடாம இருந்தா உன்ன அறைஞ்சிருப்பேன்," என்றேன். அது உண்மை. அப்போதுதான் என் சடையைப் பிடித்து ஓர் இழு இழுத்துவிட்டுப் படம் எடுக்கப் போனாள்.

அப்பாவும் நானும் கடைவீதி வழியாக நடந்தோம். அம்மன் கோயில் வாசலில் அவர் செருப்பைக் கழற்றி ஒரு கும்பிடு போட்டார். பிறகு கேட்டார்.

"ஏன் தாயி அந்தப் பிள்ளைக்குப் போட்ட?"

"கூப்பிட்டாப்பா."

"நம்ம ஊர்ப் பிள்ளைங்களுந்தானே கூப்பிட்டாங்க."

"அவங்க என்னைய 'சிலோன்'னு கூப்பிட்டாங்கப்பா."

அப்பா நின்றார். துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். மறுபடி நடந்தார். கடை வாசலுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போது, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அன்னைக்கு அந்தத் தொரசாணி கேட்டப்ப மாத்தளைன்னு சொல்லியிருந்தா, உன்னைய அவங்க பக்கமே ஆட விட்டிருப்பாங்களோ?"

ஆமாம் என்றால் பழியெல்லாம் அவர் தலையில் விழும். இல்லை என்றால் அதைவிடப் பெரிதாக ஏதோ விழும் என்று எனக்குத் தோன்றியது. எது என்று அப்போது தெரியவில்லை.

"இல்லப்பா," என்றேன். "அதுக்கு மேல இன்னொரு கேள்வி கேட்டிருப்பாங்க. உங்க அப்பா எங்க பொறந்தாருன்னு."

பூட்டு திறந்தது. அப்பா கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரில் சாத்தினார். அவர் முகம் தெளிந்திருந்தது.

"கேக்கட்டுமே தாயி," என்றார். "அதுக்கும் நம்மகிட்ட பதில் இருக்கே, புதுக்கோட்டைன்னு."