நின்ற இடத்தில் ஓடிய எஞ்சின்

கணவர் தங்கல் படகுக்குப் புறப்பட்ட அன்று காலையில்தான் புது பைக்கை என்னிடம் ஒப்படைத்தார். கொச்சியில் படகு ஏறினால் நாற்பது நாள் வரை கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் வேலை. இதுதான் கடைசித் தங்கல் என்று சொல்லியிருந்தார். திரும்பி வந்ததும் பைக்கில் ஐஸ் பெட்டியைக் கட்டி, குலசேகரம், பேச்சிப்பாறை என்று மலைப் பக்கம் மீன் கொண்டுபோய் விற்பதாகத் திட்டம். அதற்காகவே வாங்கிய வண்டி அது.

"டெய்லி காலத்த அர மணிக்கூறு ஸ்டார்ட் பண்ணி விடு, கேட்டியா? புது மெஷின் பைய பையதான் பழகும். ஆக்சிலேட்டர முறுக்கிராத."

ராஜாக்கமங்கலம் துறையில் வள்ளத்துக்குப் புது எஞ்சின் வாங்கினால் அப்படித்தான் பழக்குவார்கள். கரையில் ஒரு கட்டையில் மாட்டி, அடிப்பாகத்தைத் தண்ணீர் நிறைந்த டிரம்முக்குள் இறக்கி, மணிக்கணக்கில் மெதுவாக ஓடவிடுவார்கள். பிறகுதான் கடலுக்கு. பதினைந்து வயதிலிருந்து எஞ்சினோடு கிடப்பவர் சொல்கிறார், பி.எஸ்சி. கணிதம் படித்த நான் என்ன எதிர்த்துப் பேசுவது? லேசாக ஒரு சந்தேகம் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

தினமும் காலை ஏழு மணிக்கு வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, போனில் அரை மணி நேரத்துக்கு அலாரம் வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்வேன். ஒன்றரை வயது மகள் என் இடுப்பில் இருந்தபடி "டுர்ர்" என்று கூடவே ஓட்டுவாள். அவளுக்குச் சளி பிடித்து இரவெல்லாம் தூங்காத மறுநாள்கூட நான் தவறவில்லை.

பத்தொன்பதாம் நாள் மதியம், மகள் தூங்கும்போது, போனில் ஒரு மலையாள மெக்கானிக்கின் வீடியோ வந்தது. புது பைக்கை நின்ற இடத்தில் ஓடவிடவே கூடாது என்றார். வெவ்வேறு வேகத்தில் ரோட்டில் ஓட்டினால்தான் பிஸ்டனில் உள்ள வளையங்கள் சிலிண்டரின் சுவரோடு உரசிச் சரியாகப் படியும். இல்லையென்றால் சுவர் கண்ணாடிபோல வழுவழுப்பாகிவிடும். பிறகு வண்டி ஆயிலைக் குடிக்கும், ஏற்றத்தில் இழுக்காது. அலமாரியில் உறை பிரிக்காமல் பத்திரப்படுத்தியிருந்த வண்டிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே எச்சரிக்கை. புத்தகம் கசங்கக்கூடாது என்று பிரிக்காமல் வைத்தவள் நான்.

ஏற்றத்தில் இழுக்காத வண்டியை வைத்துக்கொண்டு மலையில் எப்படி மீன் விற்பது? இவர் மறுபடி தங்கலுக்குத்தான் போவார். அவரிடமே கேட்கலாமென்றால் நடுக்கடலில் போன் எடுக்காது.

மீன் விற்றுவிட்டு வந்து, சுமந்துபோன வட்டகையைக் கழுவிக்கொண்டிருந்த மாமியாரிடம் போய் நின்றேன்.

"மாமி, வண்டிய நான் கெடுத்துப்போட்டேன்."

"எங்க கொண்டு இடிச்ச?"

"இடிக்கல்ல. நிக்க வச்சு ஓட்டியே கெடுத்தேன்."

"நிக்கிய வண்டி எப்பிடிட்டி கெடும்? ஒனக்கு வட்டு புடிச்சிருக்கா?" நான் விளக்கிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "எனக்க மொவன் சொன்னதத்தான செஞ்ச? அப்ப கெடுத்தவன் அவன். நீ எதுக்கு அழுவிய?" என்றார்.

மறுநாள் முதல் நானே வண்டியை ரோட்டுக்கு எடுத்தேன். கல்லூரியில் படிக்கும்போது அப்பாவின் பைக்கில் பழகி லைசென்ஸ் எடுத்ததோடு சரி. அதன் பிறகு ஸ்கூட்டர்தான். கோயில் முக்கில் இரண்டு முறை அணைந்துபோனது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "மக்கா, வண்டி ஒன்னய ஓட்டுதா, நீ வண்டிய ஓட்டுதியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பயத்தில்.

மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு ஈத்தாமொழி, நாகர்கோவில், சுசீந்திரம் என்று தினமும் ஒரு சுற்று. முப்பது, நாற்பது, ஐம்பது, மறுபடி முப்பது. பின்னால் வரும் பஸ்காரர்கள் ஹாரன் அடித்தே திட்டினார்கள். வயலோரமாக நிறுத்தி, சைலன்சருக்குப் பின்னால் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்து ஆயில் தெறிக்கிறதா என்று பார்ப்பேன். கறுப்பாக ஒரு புள்ளி தெரியும். ஆயிலா, என் கையிலிருந்த அழுக்கா? அடுத்த நாள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போனேன்.

ஐந்நூறு கிலோமீட்டர் ஆனதும் நாகர்கோவிலில் முதல் சர்வீஸுக்கு விட்டேன். கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்வதுபோல மெக்கானிக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பழைய ஆயிலை வடித்தபோது அதில் இரும்புத் தூள் பொடிப்பொடியாக மினுங்கியது. எஞ்சின் தேய்ந்துவிட்டதா என்று கேட்டேன்.

"அது புது வண்டியில வரத்தான் செய்யும் அக்கா. டெய்லி அர மணிக்கூறு நிக்க விட்டியளோ? பெட்ரோலுதான் வேஸ்ட்டு. அதுக்குப் பொறவு ஒழுங்கா ஓட்டியிருக்கியளே, பொகையும் இல்ல. நம்பிக்க வரலன்னா பின்னால ஆள ஏத்திட்டு மல மேல ஒரு நட போயிட்டு வாங்கோ. இழுக்கலன்னா எனக்கிட்ட கொண்டு வாங்கோ."

எனக்கு நம்பிக்கை வரவில்லைதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு மாமியாரைக் கூப்பிட்டேன்.

"ஐஸ் பெட்டிக்குப் பகரம் என்னையா கொண்டு போற?"

"கனம் ஏறக்கொறைய சரியா இருக்கும் மாமி."

"தொலிய உரிச்சிருவேன் பாத்துக்க." சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்தார்.

குலசேகரம் தாண்டி, ரப்பர் மரங்களுக்கு நடுவே ஏற்றம் தொடங்கியது. மூன்றாவது கியருக்கு மாற்றினேன். எஞ்சின் சத்தம் சற்றுக் கனத்தது, திணறவில்லை. அடுத்த வளைவு இன்னும் செங்குத்து. கொஞ்சம் முறுக்கினேன். வண்டி எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு மேலே போனது. கண்ணாடியில் பார்த்தேன். புகை இல்லை; மாமியாரின் சேலைத் தலைப்புதான் பறந்துகொண்டிருந்தது. நாட்கணக்கில் விறைத்திருந்த என் தோள்கள் அப்போதுதான் இறங்கின.

"இழுக்குது மாமி!"

"இழுக்கட்டும். நீ ரோட்டப் பாரு."

பேச்சிப்பாறையில் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினேன். நான் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் மாமியார் கடைக்காரப் பெண்ணிடம் பேச்சைத் தொடங்கியிருந்தார்.

"இஞ்ச கடல் மீன் வருமாட்டி?"

"எப்பயாவது வரும். வந்தாலும் பழசுதான்."

"அடுத்த மாசத்துலேருந்து எனக்க மொவன் வருவான். ராஜாக்கமங்கலத்துப் பச்ச மீனு. சாளையா, அயிலையா, ஒனக்கு எது வேணும், சொல்லி வையி."

அந்தப் பெண் நம்பாமல் என்னைப் பார்த்து, "உள்ளதா?" என்று கேட்டாள்.

"உள்ளதுதான், வருவாரு" என்றேன்.