எங்கள் அக்கா பீடி குடித்ததில்லை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று மச்சான் கேட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்த உறவினர் ஒருவர் எனக்கு வழியும் சொன்னார். "பொறுமையின் வடிவம், புன்னகை மாறாதவர்னு ஆரம்பிம்மா. எல்லாரும் அப்படித்தான எழுதுறாக."

அந்தப் பெரியவர் மன்னிக்க வேண்டும். அக்கா பொறுமையாக இருந்தவர்தான், ஏறத்தாழ இருபது வருடம். அந்தப் பொறுமைதான் அவருடைய நெஞ்சைத் தின்றது. அதற்குப் பிறகு அவர் கோபக்காரராக வாழ்ந்தார். என்னால் பெருமையோடு எழுத முடிவது அந்தக் கோபக்கார அக்காவைப் பற்றித்தான்.

அக்கா பிறந்தது வடுகபட்டியில். அப்பா பூண்டு மண்டியில் எடை போடுபவர். அம்மா அதே மண்டியில் பூண்டு தரம் பிரிக்கப் போவார். அக்கா மூத்தவர், அடுத்து நான், கடைசியாகத் தம்பி. அம்மா வேலைக்குப் போன நாட்களில் எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டது அக்காதான். வசதியில்லாத வீடு. ஆனால் அடுப்பு கொல்லைப்புறத்துச் சாய்ப்பில், மூன்று பக்கமும் திறந்து கிடக்கும். புகை வந்த வேகத்தில் போய்விடும். பள்ளியில் அக்கா கபடி ஆடுவார். பாடிக்கொண்டு உள்ளே போனால் எதிரணியினர் அவர் மூச்சு தீரட்டும் என்று காத்துக் காத்தே தோற்றுப்போவார்கள். அப்படிப்பட்ட மூச்சு அவருக்கு.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அனுமந்தன்பட்டியில் கட்டிக் கொடுத்தார்கள். மச்சானுக்குத் திராட்சைத் தோட்டமும் கொஞ்சம் தென்னையும் உண்டு. எங்கள் வீட்டைவிடப் பல மடங்கு பெரிய வீடு. நடுவில் அடுப்படி. அதற்கு ஒரு காலத்தில் ஜன்னல் இருந்திருக்கிறது. பெண்கள் நிற்பது பக்கத்து வீட்டு ஆண்களுக்குத் தெரிகிறது என்று யாரோ செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அடைத்தவர்கள் யாரும் அந்த அடுப்படியில் ஒரு நாள்கூட நின்றவர்கள் அல்ல.

கேஸ் அடுப்பு இருந்தது. அது விருந்தாளி வந்தால் காபி போட. தினப்படி சமையலுக்கும், தோட்டத்தில் மருந்தடிக்கும் ஆட்களுக்கான சோற்றுக்கும், குளிக்கிற வெந்நீருக்கும் விறகும் தென்னை மட்டையும்தான். "சொந்தத் தோப்புல மட்டை காயுது, கேஸ் எதுக்கு?" என்பது அந்த வீட்டு நியாயம். மழைக்காலத்தில் மட்டை ஈரமாக இருக்கும். தீப்பிடிப்பதற்குக் கடையில் வந்த பாலித்தீன் பைகளைத் திணிப்பார்கள். பூச்சி மருந்து டப்பாக்கள் படுக்கிற கட்டிலுக்கு அடியில் இருக்கும். மருந்தடித்துவிட்டு வந்த சட்டையையும் அக்கா மற்றத் துணிகளோடு ஒரே வாளியில் ஊறப்போட்டுக் கையால் கசக்குவார். இரவில் கொசுவத்திச் சுருள். இதெல்லாம் கொடுமை என்று யாருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் எல்லா வீட்டிலும் இதுதான் நடந்தது, இப்போதும் நடக்கிறது.

இருமல் வந்தது. தூசி என்றார்கள். பிறகு சளி என்றார்கள். ஒருவர் கண்ணேறு என்றார். சுக்குக் கஷாயம் குடித்தே அக்கா சில வருடங்களை ஓட்டினார். மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்த பிறகுதான் தேனிக்கு அழைத்துப் போனார்கள். நானும் போயிருந்தேன். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு மச்சானிடம் கேட்டார்.

"இவங்களுக்கு பீடி, சிகரெட் பழக்கம் எதுவும் உண்டா?"

மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன சார் கேக்குறீக? எங்க வீட்டுப் பொம்பளை சார்!"

"கோவிச்சுக்காதீங்க. பல வருஷம் பீடி குடிச்சவங்க நெஞ்சு மாதிரி இருக்கு. வீட்டுல அடுப்பு எங்க வச்சிருக்கீங்க?"

அக்கா முந்திக்கொண்டு சொன்னார். "நாலு செவுத்துக்குள்ள சார்."

கெட்டுப்போனது திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. அடைத்த ஜன்னலைத் திறந்து கொடுங்கள். அந்தச் சுவரில் கை வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றார் அத்தை, அதாவது மச்சானின் அம்மா. திராட்சை வெட்டு முடியட்டும் என்றார் மச்சான். வெட்டு முடிந்தது. அடுத்துக் கொடி நறுக்கும் கவாத்து வந்தது, மறுபடி வெட்டு வந்தது. கொத்தனார் மட்டும் வரவில்லை.

நான் அங்கு போய்த் தங்கியிருந்த ஒரு காலை நேரம். மச்சான் தோட்டத்துக்குப் போனதும் அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடப்பாரையை எடுத்தார். முதல் இடியில் காரைதான் உதிர்ந்தது. அத்தை வாசலுக்கு ஓடினார். "ஏலே, யாராச்சும் வாங்கடா, இவ வீட்டை இடிக்கிறா!"

"வீட்டை இடிக்கல அத்தை. அடைச்சதத் தொறக்குறேன்."

இரண்டு இடி இடிப்பார், இருமிக்கொண்டு உட்காருவார், மறுபடி எழுவார். "நீ எட்டிப் போடீ, தூசி" என்று என்னை விரட்டினாரே தவிர, கடப்பாரையைத் தரவில்லை. செங்கல் வெளியே விழுந்து வெயில் உள்ளே வந்தபோதுதான் எதிர்ச்சுவரின் நிறமே எங்களுக்குத் தெரிந்தது. தார் பூசியதுபோல இருந்தது. மச்சான் வந்து திகைத்து நின்றார். அக்கா அந்தச் சுவரில் விரலைத் தேய்த்து அவர் வெள்ளைச் சட்டையில் ஒரு கோடு இழுத்தார்.

"இது செவுத்துல ஒட்டுனது. உள்ள ஒட்டுனத டாக்டர் காட்டுனாருல்ல?"

மறுநாள் கொத்தனார் வந்தார். வலையடித்த ஜன்னலும், கூரைக்கு மேலே போகும் புகைக்குழாயும் வந்தன. கேஸ் அடுப்பு தினப்படிக்கு வந்தது.

அதோடு அக்கா நிறுத்தவில்லை. மருந்து டப்பாக்களைத் தோட்டத்து மோட்டார் அறையில் வைத்துப் பூட்ட வைத்தார். மருந்தடித்தவர் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும், அந்தச் சட்டைக்குத் தனி வாளி, துவைப்பதும் போட்டவரே என்று சட்டம் போட்டார். மருந்து வந்த கேனில் தண்ணீர் பிடித்து வைத்திருந்ததைப் பார்த்து அதைக் கத்தியால் கிழித்துப் போட்டார். தோட்டத்தில் மச்சானிடம் வம்பு பண்ணி ஒரு கொடிப்பந்தலைப் பூச்சி மருந்து அடிக்காமல் விட வைத்து, வீட்டுக்கு அதிலிருந்துதான் பழம் பறித்தார். காய்கறிக் கழிவுக்குக் கொல்லையில் ஒரு குழி, பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கு, கடைக்குப் போக மஞ்சள் பை. தண்ணீர்த் தொட்டிக்குத் துணி கட்டினார். கொட்டாங்கச்சியிலும் பழைய டயரிலும் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்தார். கொசுவத்தி தேவைப்படாமல் போனது. இதில் எதற்குப் படிப்பு வேண்டும்? எதற்குச் செல்வம் வேண்டும்? ஆனாலும் விருந்தாளிகள் சிரித்தார்கள். "ஒங்க அக்கா வீடு ஆஸ்பத்திரி மாதிரில இருக்கு" என்று என்னிடமே சொன்னவர்கள் இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

வீட்டைச் சரிசெய்தவரால் தெருவைச் சரிசெய்ய முடியவில்லை. தெருமுக்கில் குப்பையைக் குவித்துக் காலையில் கொளுத்துவார்கள். பாலித்தீன், தெர்மாகோல், பழைய செருப்பு எல்லாம் எரியும். புதிதாகத் திறந்த ஜன்னல் வழியாக அந்தப் புகை வரும். அக்கா ஒரு வாளித் தண்ணீரோடு போய் அணைப்பார். பேரூராட்சி அலுவலகத்துக்கும் போய்ச் சொன்னார். அங்கிருந்தவர், "ஊரே எரிக்குது, ஒங்களுக்கு மட்டும் என்னம்மா?" என்று கேட்டாராம்.

"ஊரே இருமுது, அது ஒங்க காதுல விழலையா?" என்று கேட்டுவிட்டு வந்தார் அக்கா.

அதன்பின் அவருக்கு ஒரு பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். வைத்தவர்களுக்குத் தெரியும்.

கடைசி மாதங்களில் அக்காவால் வாளி தூக்க முடியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், மூக்கில் குழாய். ஒரு காலை முக்கில் புகை கிளம்பியது. ஜன்னலைச் சாத்திவிட்டு நான் திரும்புவதற்குள் மச்சான் வாளியோடு தெருவில் இறங்கிவிட்டார். அதுவரை தான் சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தி அறியாதவர் அவர். அங்கு நின்றவர்களிடம், "எம் பொண்டாட்டி உள்ள மூச்சுக்குத் தவிக்கிறாய்யா" என்று அவர் கத்திய சத்தம் வீட்டுக்குள் கேட்டது. அக்கா கண்ணை மூடியபடியே என்னிடம் சொன்னார். "இப்பத்தான் இவுகளுக்குக் கோவம் வந்திருக்கு. நல்ல மனுசன்தான்டி. ஆனா ரொம்ப லேட்டு."

பார்க்க வந்தவர்கள் பலர் விதி என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதும் உடம்பு எரிகிறது. விதி செங்கல் வைத்து ஜன்னலை அடைக்குமா? விதி அடுப்பில் பாலித்தீனைத் திணிக்குமா?

ஒரு மத்தியான நேரத்தில், கோவையிலிருந்து வந்திருந்த மகளின் கையைப் பிடித்தபடி அக்கா போய்ச் சேர்ந்தார். ஐம்பதைத் தொடவில்லை.

கருமாதி அன்று நடந்ததையும் எழுதித்தான் ஆக வேண்டும். மச்சான் வாழை இலைக்குச் சொல்லியிருந்தார். மேற்பார்வை பார்த்த உறவினர்கள் கழுவுகிற வேலை மிச்சம் என்று பிளாஸ்டிக் பூசிய தட்டும், பிளாஸ்டிக் கப்பும், தண்ணீர் பாட்டிலும் வாங்கி இறக்கிவிட்டார்கள். பந்தி முடிந்தது. கொல்லையிலிருந்து கறுப்பாகப் புகை எழுந்து, அக்கா படுத்திருந்த அறைக்குள் வந்தது. நான் ஓடினேன்.

"யாரு தீ வச்சது?"

"சமையல்காரவுகதான் ஆத்தா. சும்மா போட்டா நாய் இழுத்து அங்கன இங்கன போடும்ல" என்றார் எங்கள் பெரியப்பா.

பாத்திரம் கழுவ வைத்திருந்த அண்டாத் தண்ணீரை அப்படியே கவிழ்த்தேன். சுற்றி நின்றவர்களின் வேட்டியெல்லாம் கரி.

"துக்க வீட்டுல இப்படியா சத்தம் போடுறது?"

"இந்தப் புகையிலதான் பெரியப்பா அவ செத்தா!"

நனைந்த குப்பையை நானும் அக்கா மகளும் சாக்கில் அள்ளினோம். கொஞ்ச நேரம் கழித்துப் பெரியப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். மறுநாள் தம்பி அதைக் கம்பம் டவுனில் பழைய பிளாஸ்டிக் எடுக்கும் கடையில் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். உண்மையைச் சொன்ன தேனி டாக்டருக்கும், அக்காவைப் பெயர் சொல்லி அழைத்துக் கவனித்த நர்ஸ்களுக்கும். மின்சாரம் போன நாட்களில் ஆக்சிஜன் மெஷின் நிற்காதபடி தன் கடை ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்த எதிர்வீட்டுக்காரருக்கும். எந்த நேரம் கூப்பிட்டாலும் வந்த ஆட்டோ தம்பிக்கும். கடைசி மாதங்களில் சமையலைத் தன் கையில் எடுத்துக்கொண்ட மச்சானுக்கும், அக்காவுக்குத் தலை வாரிவிட்ட அத்தைக்கும். உங்கள் எல்லோருக்கும் எங்கள் பிறந்த வீட்டார் சார்பில் கைகூப்புகிறோம். இன்னும் கொளுத்திக்கொண்டிருப்பவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனமில்லை. சொன்னால் அக்காவுக்கே பிடிக்காது.

அச்சகத்தில் இந்த மலருக்குப் பளபளவென்று பிளாஸ்டிக் ஒட்டித் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டோம். இது வெறும் காகிதம். படித்து முடித்த பிறகு வைத்துக்கொள்ள இடம் இல்லையென்றால் பழைய பேப்பர்காரரிடம் போடுங்கள். கிழித்துச் செடிக்கு அடியில் போட்டாலும் மட்கிவிடும், எங்களுக்கு வருத்தமில்லை.

எரித்துவிட மட்டும் செய்யாதீர்கள்.