என் சமையலறையிலிருந்த பொத்தான்

என் வீட்டு மேல்மாடியில் மகளோடு குடியிருக்கும் வசந்தியின் ஹீற்றரை அவருக்குத் தெரியாமல் நான்தான் அணைத்துவந்தேன். மின்சாரச் செலவு வாடகைக்குள் அடக்கம் என்று சொன்னவனும் நானே.

நான் மின்பொறியியல் படித்தவன். ஜேர்மனியின் டோர்ட்மண்டில் உள்ள என் வீட்டில், சமையலறைச் சுவரில் செருகிய பெட்டியின் பொத்தானை அழுத்தினால், வீட்டு மின்கம்பி வழியாகவே சமிக்ஞை போய் மேலே ஹீற்றர் அணையும்; மறுபடி அழுத்தினால் எரியும். அவர்களுக்கு எவ்வளவு சூடு போதும் என்பதை நானே முடிவு செய்தேன். "பழைய ஹீற்றர் பிள்ளை, அடிக்கடி நிக்கும்" என்று வசந்தியிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

ஒரு ஜனவரியில், அணைத்ததை மறந்து கொலோன் நகரில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பனி கொட்டி ரயில்கள் நின்றுவிட, அன்று திரும்ப முடியவில்லை. அப்போது வசந்தி தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணை, ஹீற்றர் நிண்டிட்டுது. மகளுக்குக் காய்ச்சல், நடுங்குறாள். என்ன செய்யிறது?"

அந்தப் பெட்டியை வீட்டுக்குள் நின்றுதான் இயக்க முடியும். பொய்யைக் காப்பாற்றினால் குழந்தை குளிரில் கிடக்க வேண்டும்.

"பிள்ளை, என்ர வீட்டுத் திறப்பு உம்மட்டை இருக்கெல்லோ? கதவைத் திறந்து உள்ள போம். குசினிச் சுவரில ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கு. அதில உள்ள பொத்தானை அமத்தும்."

அவர் படியிறங்கி ஓடுவதும், திரும்ப ஏறுவதும் கேட்டன.

"சுடுகுது அண்ணை." பிறகு, "அப்ப இது பழுதில்லையோ?"

"இல்லை பிள்ளை. நான்தான்."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

மறுநாள் ரயில் ஓடியதும் வீடு திரும்பி, பெட்டியைக் கழற்றி அவர் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். "ஓம் அண்ணை" என்று மட்டும் சொன்னார். மகள் தேறினாள். அவர்கள் வீடு மாறவும் இல்லை. ஆனால் இன்றும் நான் வெளியே கிளம்பிக் கதவைச் சாத்தும்போது, மேலே வசந்தி ஹீற்றரைத் தொட்டுப் பார்க்க நடந்து போகும் காலடிச் சத்தம் கேட்கிறது.