நான் நாடு கடத்திய பூனைகள்

பேகம்பூரில் என் பிரியாணிக்கு இணையில்லை என்பது உலகமறிந்த விஷயம். ஆனால் இன்று காலை அரிசி அறையைத் திறந்தவன் உறைந்துபோனேன்.

நாளைய கல்யாண ஆர்டருக்காக, நன்றாகப் பழசாகட்டுமென்று பூட்டி வைத்திருந்த சீரகச்சம்பா மூட்டைகள் மொத்தமும் கிழிந்து கிடக்கின்றன. எங்கு பார்த்தாலும் எலிகள். முயல் அளவில் ஒன்று என்னையே முறைக்கிறது!

"நோன்புப் பெருநாளப்ப ஒரு சோடிதானே இருந்துச்சு?" என்று அலறினேன்.

"அதுக குட்டி போட்டு, அந்தக் குட்டிகளும் குட்டி போட்ருச்சுங்க. கறியத் திங்குதுன்னு அம்புட்டுப் பூனையையும் சாக்குல கட்டித் தாடிக்கொம்புல விட்டுட்டு, மீசைய முறுக்கிட்டு வந்தீகள்ல?" என்றாள் மனைவி.

தாடிக்கொம்பு சொந்தங்களே, பூனைகளைப் பார்த்தால் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். திரும்பி வந்தால் தினமும் நெஞ்செலும்பு உண்டு.

பழைய சீரகச்சம்பா வைத்திருப்பவர்கள் மட்டும் முதலில் கமெண்டுக்கு வரவும். சிரிப்பவர்கள் பிறகு வரலாம்.